பல் பட்ட நாக்கு

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஐந்து, நாத்தனார் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் நல்லபடியாக இருக்கின்றன. இட்லி மாவு அரைத்து விற்று வளர்த்தேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக வரும், சொல்ல வந்தது கோணாது.

எழுதப்போவது என் கதை இல்லை. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் நாங்கள் நாலு குடித்தனம் வரிசையாக இருந்தோம். எனக்கும் அடுத்த போர்ஷனுக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அங்கே ஏழு வருஷம் குடியிருந்தவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுத மாட்டேன். அவளுக்கு ஒரு பெண் உண்டு. அப்போது விடுதியில் தங்கிப் படித்தது. இன்றைக்கு எங்கேயோ குடும்பம் குழந்தை என்று இருக்கும்.

அவள் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. நைட் டூட்டிதான் பார்ப்பாள். மற்ற ஆயாக்கள் ராத்திரி வேண்டாம் என்று அழுதால் அவர்களுக்கும் சேர்த்து இவள் போவாள். காலையில் மின்சார ரயிலில் வந்து இறங்கி, நடந்து வந்து, குளித்து, சேலையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுப்பாள். நாலு மணிக்கு எழுந்திருப்பாள். எங்கள் வரிசைக்கு நண்பகல் என்றால் அவளுக்கு அது நடுநிசி. பிள்ளைகளை அந்தப் பக்கம் போய் விளையாட விடமாட்டேன்.

வந்த புதிதில் அவளிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். பேச மாட்டாள். அதுவும் நாளைக்கு என்ன நடக்கும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. வீட்டைவிட்டுக் கிளம்பினால் எல்லாரும் போய்விட்டு வருகிறேன் என்போம் இல்லையா, அவள் அதைக்கூடச் சொல்ல மாட்டாள். கையை மார்பு வரைக்கும் தூக்குவாள், போய்விடுவாள். வானம் கறுத்துக் கிடக்கும், மழை வருமா என்று கேட்டால் தெரியலை அக்கா என்பாள். குழம்பைக் கையில் ஊற்றி உப்பு பார் என்றால், நக்கிப் பார்த்துவிட்டு நீயே பார்த்துக்கோ என்பாள். உன் வாயில் இன்னா கொழுக்கட்டையா கீது என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பல்லைப் பார்த்தவர்கள் எங்கள் வரிசையில் இல்லை.

மாதத்துக்கு ஒரு தரம், சில மாதம் இரண்டு தரம், நாலு மணிக்கு எழுந்ததும் நேராக என் வாசலுக்கு வருவாள். முகம் வீங்கியிருக்கும். உதட்டைப் பிரிக்காமல் குழறிக்குழறிக் கேட்பாள்.

"அக்கா, நேத்து நான் உன்னாண்ட இன்னா சொன்னேன்?"

நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு யோசித்துச் சொல்வேன். பால்காரன் தண்ணீர் ஊற்றுகிறான் என்று சொன்னாய். கடைசி போர்ஷன் பெண் இளைத்துவிட்டது என்று சொன்னாய். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, ஏதாவது ஒன்றில் தலையை ஆட்டுவாள். "அதான். அதுக்குத்தான்." அப்புறம் சாக்கடை ஓரம் குந்திக்கொண்டு உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிப்பாள். தண்ணீர் சிவப்பாகப் போகும்.

ஒரு வருஷம் கழித்துத்தான் விவரம் சொன்னாள். தூக்கத்தில் அவள் பல்லே அவள் நாக்கைக் கடித்துவிடுகிறதாம். சொல்லக்கூடாதது எதையாவது சொன்ன நாளில்தான் அப்படி ஆகிறதாம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் அவள். "ஆண்டவர் பல்லைக் காவலுக்கு வெச்சிருக்காரு அக்கா. தப்பா பேசினா கடிச்சிடுது" என்றாள். நான் உம் கொட்டினேன். நாள் முழுக்கப் பேசுகிற மனுஷிக்குத் தப்பான பேச்சு ஒன்றாவது இருக்காதா? தேடினால் கிடைக்கும்தானே. அவளுக்கு ஒவ்வொரு தரமும் கிடைத்தது. கிடைக்கக் கிடைக்கப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

ஒரு நாள் என் வீட்டில் ரசம் சோறு கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாக்கைக் காட்டு என்றேன். மாட்டேன் என்றாள். நான் விடுகிறவள் இல்லை. காட்டினாள். நுனி நன்றாக இருந்தது. இரண்டு பக்கத்து ஓரமும் அரம் மாதிரி வரிவரியாகத் தழும்பு. பழைய தழும்பெல்லாம் நாவல்பழம் தின்றதுபோல் கறுத்துக் கிடந்தது. ஆறு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்த்தவள் நான், எத்தனையோ நாக்கைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அதை நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். வீட்டுக்காரம்மாவிடம். மறுநாள் குழாயடி முழுக்கத் தெரிந்துவிட்டது, அவளுக்குக் கருநாக்கு என்று. அந்த நாக்கு சொன்னால் பலிக்கும் என்று.

அதன் பிறகு எல்லாரும் உட்கார்ந்து பழசையெல்லாம் கிளறினார்கள். மோட்டார் சூடாகிறது, நிறுத்துங்கள் என்று அவள் சொன்னாள், மறுநாள் மோட்டார் புகைந்தது. சைக்கிள் பிரேக்கைப் பார்த்துக்கோ அண்ணா என்று கடைசி போர்ஷன்காரரிடம் சொன்னாள், அவர் ரயில்வே கேட் அருகில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். படி ஈரமாக இருக்கிறது என்று சொன்னாள், வீட்டுக்காரம்மா வழுக்கினாள். நானும் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரியெல்லாம் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, எது கெடப்போகிறது என்பது முதலில் அவள் கண்ணில்தான் படும். பட்டதும் சொல்வாள். அவள் சொன்னபோதே யாராவது மோட்டாரை நிறுத்தியிருந்தால் அது புகைந்திருக்காது. இது அன்றைக்கு எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அவள் வந்தால் கைக்குழந்தையைத் துணியால் மூடுவார்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் அவள் ரயிலேறும் வரை உள்ளேயே இருப்பார்கள். அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. குழாயடியில் நிற்கும்போது முந்தானை ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொள்ளப் பழகினாள். எங்களைவிட அவள்தான் அதிகமாக நம்பினாள்.

அந்தச் சமயத்தில் என் கடைசிப் பையனுக்குக் கடும் காய்ச்சல். டூட்டி முடிந்து வந்தவள், தூங்கப் போகாமல் பகல் முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குச் சரியாயிடுமா அத்தை என்று பையன் கேட்டான். அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த நாள் நாலு மணிக்கு என் வாசலில் வந்து நின்று, நேற்று என்ன சொன்னேன் என்று கேட்டாள். நீ ஒன்றுமே சொல்லலையே என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அப்போ மனசுல நெனச்சிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் இரண்டாவது பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அடுத்த போர்ஷன்காரி ஏதாவது சொல்லி, அது சுவர் வழியாக என் பெண்ணின் காதில் விழுந்துவிடுமே என்று எனக்குப் பயம். அவளிடம் போய் நேராகவே சொல்லிவிட்டேன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே, பிள்ளை பிறக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே என்று.

"நானே சொல்லணும்னு இருந்தேன் அக்கா" என்றாள்.

அதைக் கேட்டு எனக்குப் பாரம் இறங்கியது. நிஜம் அதுதான், மறைப்பானேன்.

ஒன்பதாம் மாதம். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. மாவு தீர்ந்த பிறகும் கல் வெறுமனே சுற்றினால் ஒரு சத்தம் வருமே, அதுபோலப் பல் உரசுகிற சத்தம். கூடவே குதிகால் சுவரில் அடிக்கிற மாதிரி டப்டப் என்று. அது என்னம்மா என்று என் பெண் கேட்டாள். அது அப்பப்போ வரும், தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள் என்றேன். வருஷக்கணக்காகக் கேட்டுக்கேட்டு எனக்குப் பழகிவிட்டது. சத்தம் நின்றது. அறுபட்ட ஆட்டுக்கு வருவதுபோல் ஒரு மூச்சு இழுத்தது. என் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். போகாதே, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் முகத்தில் விழிக்காதே என்றேன். உதறிவிட்டுப் போனாள்.

தாழ்ப்பாள் லூசு. தள்ளியதும் திறந்துகொண்டது. பாயில் மல்லாந்து கிடந்தாள். கண் பாதி திறந்து வெள்ளை விழி தெரிந்தது. வாயோரம் நுரை, நுரையில் ரத்தம். பாய் நனைந்திருந்தது. கூப்பிட்டால் கேட்கவில்லை. இரும்பு கையில் பட்டால் நினைவு திரும்பும் என்பார்களே, நான் ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தேன்.

"அதெல்லாம் வேணாம்மா. ஒருக்களிச்சுப் படுக்க வை" என்றாள் என் பெண். "என்கூட எக்ஸ்போர்ட் கம்பெனியில தைக்கிற பொண்ணுக்கு வரும். இது வலிப்பு."

வலிப்பு வந்தால் ரோட்டில் விழுவார்கள், இவள் ஒரு நாளும் விழுந்ததில்லையே என்றேன். தூக்கத்தில் மட்டும் வருகிறதும் உண்டு என்றாள் அவள். எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் வரிசையில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்தவளுக்கே தெரியவில்லை. தூங்குகிறவளுக்குத் தனக்கு நடந்தது எப்படித் தெரியும்?

கால் மணி நேரம் கழித்து நினைவு வந்தது. கண் விழித்ததும் முதலில் பார்த்தது என் பெண்ணின் வயிற்றை. சட்டென்று கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக எல்லாம் சொன்னாள். உடம்பு வெட்டி இழுக்கும்போது பல் கிட்டிக்கொள்ளும், நாக்கு நடுவில் மாட்டும், தூக்கம் கெட்டால் இன்னும் அதிகமாக வரும், தினமும் மாத்திரை போட்டால் நிற்கும் என்று. அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் பேசினதுக்கு இல்லையா?"

"இல்ல அத்தை. நீங்க எங்க பேசினீங்க."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள். ஆஸ்பத்திரியில் தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், நாளைக்குப் பெண்ணைக் கட்டிக்கொள்ள எவனும் வரமாட்டான், பரம்பரை வியாதி என்பான் என்றாள். ஊரெல்லாம் கருநாக்கு என்று பேசுகிறதே, அது மட்டும் நல்லதா என்று கேட்டேன்.

"கருநாக்குன்னா ஒதுங்கிப் போவாங்க அக்கா. வலிப்புன்னா ஒதுக்கிடுவாங்க."

என் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு சத்தியம் கேட்டாள். செய்து கொடுத்தேன். என் பெண் மட்டும் விடவில்லை. தெரிந்தவர்கள் இல்லாத ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போங்கள், நானே கூட வருகிறேன் என்று வாதாடினாள். பாக்கறேன் என்று மட்டும் அவள் சொன்னாள்.

பிரசவம் சுகமாக ஆயிற்று. பையன். பதினோராம் நாள் நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் மடியில் போட்டேன். வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டே நின்றாள், நிற்கட்டும் என்று விட்டேன். அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நல்லா இருப்பான்" என்றாள். நாளைக்கு நல்லது நடக்கும் என்று அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பேச்சு அதுதான். இன்றைக்கு அந்தப் பையன் நன்றாகத்தான் இருக்கிறான்.

என் பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டரிடம் போனாயா என்று நான் கேட்பேன். அடுத்த வாரம் அக்கா என்பாள். அடுத்த வாரம் கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்பாள். சத்தியம் செய்தவள் நான், சொன்ன சொல் மாறாதவள் என்று எனக்குள் ஒரு கர்வம். அவள் வேலை செய்கிற இடத்திலேயே ஒரு டாக்டரைப் பிடித்து, நாலு பேருக்குத் தெரியாமல் இவளைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நடந்து போகிற தூரத்தில் ரயில். நான் போகவில்லை.

அதற்குப் பதிலாகச் சுவரைக் காவல் காத்தேன். பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் என் காது சுவரில்தான். கிரைண்டரைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன். குக்கர் விசில் அடித்தால் எரிச்சல் வரும், ஏரோப்ளேன் தாழப் பறந்தால் பயம் வரும், அந்தச் சத்தத்தில் இது கேட்காமல் போய்விடுமே என்று. உரசல் கேட்டதும் எழுந்து ஓடுவேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, நினைவு வரும் வரை உட்கார்ந்திருப்பேன். என் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினேன். கேட்கிற சத்தத்தைவிட, ஒன்றும் கேட்காமல் இருக்கிற பகல்தான் அதிகமாகப் பயமுறுத்தும். எழுந்து போய்க் கதவைத் தள்ளி மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

படப்பையில் என் அண்ணன் மகன் புது வீடு கட்டிக் குடி போனான். ஒரு நாள் விசேஷம். போகாமல் இருக்க முடியாது. காலையில் அவள் டூட்டி முடிந்து வரும்போது நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். பார்த்துப் படு என்றேன். கையைத் தூக்கினாள்.

நாலரைக்குத் திரும்பி வந்தேன். அவள் வாசல் பெருக்காமல் கிடந்தது. கதவைத் தள்ளினேன். குப்புறக் கிடந்தாள். முகம் முழுக்கத் தலையணைக்குள் இருந்தது. ஒரு கை அடியில் மாட்டியிருந்தது. ஒருக்களித்துத் திருப்பினேன். எட்டு மாதமாகத் திருப்பிய உடம்பு, எடை எனக்குத் தெரியும். அன்றைக்கு அது வேறு மாதிரி கனத்தது.

கருநாக்கு அவளையே கொண்டுபோய்விட்டது என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். என் எதிரிலேயே பேசினார்கள். பிணம் உள்ளே கிடந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியம் செய்திருக்கிறேனே என்று இருந்துவிட்டேன். இன்றைக்கும் அங்கே யாரைக் கேட்டாலும் கருநாக்குக்காரி என்றுதான் சொல்வார்கள்.

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்டால், காரணம் இருக்கிறது.

இப்போது நான் அஸ்தினாபுரத்தில் பெரிய மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் மகளுக்கு இருபத்து மூன்று வயது. கம்ப்யூட்டர் கம்பெனியில் ராத்திரி வேலை. விடிந்ததும் வந்து, வெளிச்சம் வராத என் அறையில் படுத்துத் தூங்குவாள். போன மாதம் ஒரு நாள் சாம்பாரை வாயில் வைத்தவள் தட்டைத் தள்ளினாள். காரம் ஆயா, தூக்கத்தில் நாக்கில் பல் பட்டுவிட்டது என்றாள். காட்டு என்றேன். சிரித்துக்கொண்டே காட்டினாள். இரண்டு ஓரத்திலும் இருந்தது.

அன்றையிலிருந்து பகலில் நான் கண் மூடவில்லை. நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது நாள் வலிப்பு வந்தது. பல் உரசியது, கால் உதறியது. நான்தான் திருப்பிப் படுக்க வைத்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எழுந்து, உடம்பெல்லாம் வலிக்கிறது, ஆபீஸ் ஏசி ஒத்துக்கவில்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டாள்.

மருமகளிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. தலையணை உறையைக் கழற்றிக்கொண்டு போய் ஊற வைத்தாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அத்தை, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிச்சாச்சு. இப்ப டாக்டர், ஸ்கேன்னு அலைஞ்சா விஷயம் வெளிய போயிடும். கல்யாணம் முடியட்டும். அவகிட்டகூடச் சொல்லிடாதீங்க."

உள்ளங்கையை நீட்டினாள், அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லி. கெட்டவள் இல்லை அவள். பெற்றவள். நான் என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்திருந்த மகன் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டான்.

வாயால் சொன்னால் நடுவில் யாராவது புகுந்து நிறுத்திவிடுவார்கள், ஆயாவுக்கு வயதாகிவிட்டது என்பார்கள். அதனால் நாலு நாளாக உட்கார்ந்து எழுதினேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள். மருமகள் கூடத்தில் கீரை ஆய்கிறாள். மகனும் அங்கேதான் இருக்கிறான். பேத்தி இப்போதுதான் பல் துலக்கிவிட்டு வந்தாள். கூப்பிட்டு, எழுதியதை அவள் கையில் கொடுக்கிறேன்.

கண்ணு, இங்க வந்து குந்து. என் எழுத்து உனக்குத்தான் புரியும். இத்த எனக்குப் படிச்சுக் காட்டு. மெதுவா வேணாம், கூடத்துல கேக்கற மாதிரி படி. நடுவுல உன்னப் பத்தி வரும். அங்க நிறுத்திடாத.